மரகதம்: சொல்லின் வரவும் பொருளின் சிறப்பும்

ஸ்ரீ வைத்ய வீரராகவப் பெருமாளைச் சேவிக்க வரும் அன்பர்கள் இத்திவ்யதேசத்தின் திருநாம வரலாற்றை நன்கு அறிவர். சாலிஹோத்ர முனிவரின் ஆசிரமத்திற்கு முதியவர் வேடத்தில் எழுந்தருளிய எம்பெருமான், முனிவர் அளித்த அமுதை ஏற்று, இளைப்பாறுவதற்கு உரிய உள் எவ்வுள் என வினவியருளினார். முனிவர் தம் பர்ணசாலையைக் காட்ட, அங்கேயே சயனித்தருளினார். அதனால் இவ்வூர் திருஎவ்வுள் ஆயிற்று. அது மக்கள் நாவில் திருவெவ்வுளூர் என்றும், பின்னர் திருவள்ளூர் என்றும் மருவியது.

ஊர்ப் பெயர் ஒன்றில் இத்தனை பொருள் பொதிந்திருக்குமாயின், எம்பெருமானின் ஆபரணங்களில் ஒளிவீசும் இரத்தினங்களின் பெயர்களில் எத்துணைப் பொருள் இருத்தல் வேண்டும்! நவரத்தினங்களுள் பச்சை நிறம் உடையதாகிய மரகதத்தின் பெயரை மட்டும் ஈண்டு எடுத்துக்கொண்டு, அதன் வரலாற்றையும் பொருளையும் அடியேன் அறிந்தவரை விண்ணப்பிக்கிறேன்.

பெயரைக் குறித்த இரு கேள்விகள்

ஒரு பெயரைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கலாம். இச்சொல் எங்கிருந்து, எவ்வழியாக வந்தது என்பது ஒன்று. இச்சொல்லை வழங்கிய பெரியோர் அதனுள் என்ன பொருளைக் கண்டனர் என்பது மற்றொன்று. முன்னது சொல்லின் வரலாறு. பின்னது நம் முன்னோர் நிருக்தம் என்று போற்றிய துறை. வேதத்தின் ஆறு அங்கங்களுள் ஒன்று. யாஸ்கர் என்னும் முனிவர் தம் நிருக்தத்தில் ஒரே சொல்லுக்கு இரண்டு மூன்று வகையாகவும் பொருள் பிரித்துக் காட்டுவார். ஒன்று மெய், மற்றவை பொய் என்று அவர் வழக்காடுவதில்லை. ஒரு சொல்லை எத்தனை வாயில்களால் அணுகலாம் என்று காட்டுவதே அவர் நோக்கம்.

இவ்விரண்டு கேள்விகளையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதாலேயே பல வீண் வாதங்கள் எழுகின்றன. மரகதம் என்னும் சொல் இதற்கு நல்லதோர் உதாரணம்.

கோசம் கூறும் நாமங்கள்

ஸமஸ்கிருத பாடசாலையில் முதன்முதலில் மனனம் செய்விக்கப்படும் நூல்களுள் ஒன்று அமரசிம்மன் இயற்றிய அமரகோசம். அது இந்தப் பச்சைக்கல்லுக்கு நான்கு பெயர்களை வழங்குகிறது. மரகதம் என்பது ஒன்று. மற்றவை ஹரின்மணி, அஸ்மகர்ப்பம், காருத்மதம் என்பன.

ஹரித் என்றால் பச்சை. ஹரித் என்பதும் மணி என்பதும் சேரும்போது, பின்வரும் மெல்லெழுத்தின் சேர்க்கையால் தகர மெய் நகர மெய்யாகி ஹரின்மணி ஆகிறது. இவ்விதி அன்பர்களுக்குப் புதியதன்று. ஜகத் என்பதும் நாதன் என்பதும் சேர்ந்து ஜகந்நாதன் ஆவது இதே விதியால்தான். ஆகவே ஹரின்மணி என்பது கண்ணால் கண்டதைக் கண்டபடியே கூறும் பெயர். பச்சைமணி என்பதே அதன் பொருள்.

அஸ்மம் என்றால் பாறை. பாறையைக் கருவறையாகக் கொண்டு பிறந்தது அஸ்மகர்ப்பம். மரகதம் தாய்ப்பாறையின் உள்ளே பொதிந்து கிடப்பதால், சுரங்கத் தொழிலாளர் அப்பாறையை உடைத்தே எடுக்கின்றனர். ஆகவே இப்பெயர் கல்லின் பிறப்பிடத்தைக் கூறுவது.

காருத்மதம் என்பதுதான் வைஷ்ணவர்கள் நெஞ்சில் நிறுத்த வேண்டிய பெயர். கருத் என்றால் சிறகு. சிறகுகளை உடையவன் கருத்மான், அதாவது பெரிய திருவடியாகிய கருடன். கருத்மானுக்கு உரியது காருத்மதம். பச்சைக்கல் எவ்வாறு கருடனுக்கு உரியதாயிற்று?

கருடனும் மரகதமும்

இதற்கு விடை கருட புராணத்தின் இரத்தினப் பகுதியில் உள்ளது. வலன் என்னும் அசுரன், தேவர்கள் செய்த வேள்விக்குத் தன் உடலையே அளித்தான். அவனுடைய அங்கங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் இரத்தினத்திற்கு வித்தாயின. எலும்பு வைரமாகவும், பற்கள் முத்தாகவும், குருதி மாணிக்கமாகவும், கண்கள் நீலமாகவும் ஆயின. பித்தத்தை நாகராஜனாகிய வாசுகி எடுத்துக்கொண்டு வானவழியே விரைந்தான். அப்போது கருடன் அவனை எதிர்த்துத் தாக்க, வாசுகி அஞ்சிப் பித்தத்தை மலைச்சாரலில் நழுவவிட்டான். அதில் ஒரு பகுதியைக் கருடன் விழுங்கி, உடனே மயங்கி, மூக்கின் வழியே வெளிவிட்டான் என்பது புராணம். அந்தப் பித்தம் விழுந்த இடம், கடற்கரையை ஒட்டிய நிலம், மரகதத்தின் ஆகரமாயிற்று என்றும் அங்கே கூறப்பட்டுள்ளது. ஆகரம் என்பது சுரங்கம். கடற்கரை என்னும் இக்குறிப்பை அன்பர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்; பின்னர் அது பயன்படும்.

மந்திரத்தாலும் மூலிகையாலும் தீராத விஷத்தையும் மரகதம் தணிக்கும் என்று அப்புராணமே சிறப்பிக்கிறது. கருடன் பாம்பின் பகைவன். ஆதலால் கருடனின் கல் விஷத்தின் பகைவன். இதே கருத்தால் கரளாரி என்றும் ஒரு பெயர் உண்டு. கரளம் என்றால் விஷம். அரி என்றால் பகை.

மரகத்தைக் கடப்பிப்பது

இனி மரகதம் என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். ம்ரு என்னும் தாது இறத்தலைக் குறிக்கும். மரணம், மாரி முதலிய சொற்கள் அதிலிருந்து பிறந்தவை. மக்களைக் கூட்டங்கூட்டமாக மாய்க்கும் கொள்ளைநோய்க்கு மரகம் என்று பெயர். கடத்தலைக் குறிக்கும் த்ரூ என்னும் தாது, தன் ஈறு கெட்டுத் த என நின்று மரகம் என்பதோடு சேர்கிறது. எதனால் மரகத்தைக் கடக்கிறோமோ அது மரகதம். இதுவே நம் ஸமஸ்கிருத அகராதிக்காரர் மரபாகக் கூறிவரும் பொருள்.

வைத்யனாக எழுந்தருளியிருக்கும் பெருமானின் சந்நிதியில் நின்று இப்பொருளைச் சிந்திக்கும்போது நெஞ்சம் நெகிழ்கிறது. கல்லுக்கு முன்னோர் இட்ட பெயர் அதன் விலையையோ அழகையோ கூறவில்லை. நோயைக் கடத்தலையே கூறுகிறது.

ஆயினும் பாடசாலையில் பயின்றவன் என்ற முறையில் மற்றொன்றையும் கூறுதல் கடமை. இது நிருக்தம். அதாவது, சொல் நம்மிடம் வந்து அமர்ந்தபின் பெரியோர் அதனுள் கண்ட பொருள். சொல் எங்கிருந்து வந்தது என்னும் முதற்கேள்விக்கு விடை வேறு.

கடல்வழி வந்த சொல்

கிரேக்க மொழியில் இக்கல்லுக்கு ஸ்மரக்தொஸ் என்று பெயர். முதலில் உள்ள ஸகரம் இன்றி மரக்தொஸ் என்றும் வழங்கியது. மரக்தொஸ் என்பதையும் மரகதம் என்பதையும் அருகருகே வைத்தால் உறவு தானே விளங்கும். கிரேக்கச் சொல் வணிகர் வாயிலாக இந்நாட்டிற்கு வந்து மரகதம் ஆயிற்று என்பதே சொல்லாராய்ச்சியாளர் பெரும்பாலோர் கொள்கை. கிரேக்கர்க்கும் அது சொந்தச் சொல் அன்று. ஹீப்ரு மொழியில் பாரெகெத் என்றும், அதற்கும் முற்பட்ட அக்காடிய மொழியில் பர்ரக்து என்றும் வழங்கிய சொல்லே அதன் மூலம் என்பர். அம்மொழிகளில் ப, ர, க என்னும் மூன்று மெய்கள் சேர்ந்த வேர் மின்னுதலைக் குறிக்கும். பகரம் மகரமாக மாறியதைக் கண்டு வியக்க வேண்டா. இரண்டும் இதழ்கள் கூடிப் பிறக்கும் எழுத்துகள். விழுங்கு என்பதை மிழுங்கு என்று நம்மூர்ப் பேச்சிலும் இதழெழுத்து மாற்றிச் சொல்லக் கேட்கிறோம் அல்லவா?

அதே ஸ்மரக்தொஸ் மேற்கே லத்தீனில் ஸ்மரக்துஸ் ஆகி, பழைய பிரெஞ்சில் எஸ்மரோத் ஆகி, ஆங்கிலத்தில் எமரால்ட் ஆயிற்று. பாரசீகத்திலும் அரபியிலும் ஜுமுர்ருத் ஆயிற்று. ஆகவே எமரால்ட் என்று கூறும் வெள்ளையரும், ஜுமுர்ருத் என்று கூறும் அரேபியரும், மரகதம் என்று கூறும் நாமும் ஒரே சொல்லையே மூன்று வேடங்களில் வழங்கிவருகிறோம்.

சொல் வந்த வழி எது? பண்டைக்காலத்தில் மேற்கு நாட்டினர்க்கு மரகதம் கிடைத்த முக்கிய இடம் எகிப்து நாட்டில் செங்கடலை அடுத்த மலைகள். ரோமானியர் அம்மலைக்கு மரகத மலை என்றே பெயரிட்டிருந்தனர். அதற்கு அண்மையில் பெரெனிகே என்னும் துறைமுகம் இருந்தது. தமிழகத்து மிளகு ஏற்றிய மரக்கலங்கள் சென்று சேர்ந்த துறைகளுள் அதுவும் ஒன்று. அங்கு நடந்த அகழாய்வில், கோயில் வளாகம் ஒன்றில், இந்தியச் சாடி ஒன்றினுள் சுமார் 7.5 கிலோ மிளகு கிடைத்தது. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த மட்கலத் துண்டும் அங்கே கிடைத்துள்ளது. மிளகு சென்ற கடல்வழியே மரகதம் வந்தது. கி.பி. 6ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்னும் வணிகர், எத்தியோப்பியர் அம்மலைவாழ் மக்களிடம் மரகதம் வாங்கி இந்தியாவிற்குக் கொண்டுசென்று விற்றனர் என்று எழுதி வைத்துள்ளார். கல் வந்தபோது அதன் பெயரும் உடன் வந்தது.

மரகதத்தின் ஆகரம் கடற்கரையை ஒட்டிய நிலம் என்று புராணம் கூறியதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். புராணத்தையும் அகழாய்வையும் ஒன்றுக்கொன்று சாட்சியாக நிறுத்துதல் அடியேன் நோக்கமன்று. இக்கல் கடல்சார்ந்த தூரதேசத்திற்கு உரியது என்னும் நினைவு நம் நூலிலும் இருந்தது என்பதே கூற வந்தது.

இங்கிருந்து சென்ற சொல்

அயல்நாட்டுச் சொல்லை நாம் ஏற்றோம் எனக் கேட்டவுடன் சிலருக்கு மனம் சுருங்கும். சுருங்க வேண்டிய காரணம் இல்லை. மரகதத்தின் உடன்பிறப்பாகிய மற்றொரு கல்லின் பெயர் இங்கிருந்தே அங்கு சென்றது.

நம் பழைய நூல்கள் வைடூரியம் என்று கூறும் கல்லைப் பிராகிருதத்தில் வேளுரியம் என்றனர். அச்சொல்லே கிரேக்கர் நாவில் பெரில்லொஸ் ஆகி, ஆங்கிலத்தில் பெரில் ஆயிற்று. பழங்காலத்தில் பெரில் கல்லைத் தேய்த்து உருப்பெருக்கும் கண்ணாடி செய்தமையால், ஜெர்மானியர் மூக்குக்கண்ணாடிக்கே இன்றும் பிரில்லெ என்கின்றனர். நம் சொல் அவர்கள் மூக்கின்மேல் அமர்ந்திருக்கிறது! காங்கயத்தை அடுத்த படியூரில் இக்கல் பண்டைக்காலத்திலேயே வெட்டி எடுக்கப்பட்டது. நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் கல்மணி செய்யும் தொழிற்கூடங்கள் இருந்தமையை அகழாய்வுகள் காட்டியுள்ளன. இன்று தமிழில் வைடூரியம் என்னும் பெயர் பூனைக்கண் போன்ற வேறொரு கல்லுக்கு வழங்குவது தனிச்செய்தி.

வியப்பு யாதெனில், இன்றைய கனிமவியலின்படி மரகதமும் பெரில் வகையைச் சேர்ந்ததே. குலம் ஒன்று, அதன் பச்சைக்கல்லின் பெயர் கடல்கடந்து இங்கு வந்தது, மற்றதன் பெயர் கடல்கடந்து அங்குச் சென்றது.

வைடூரியம் என்னும் சொல்லைப் பாணினி விதூரம் என்னும் ஊர்ப் பெயரிலிருந்து வருவித்தார். பதஞ்சலி தம் மகாபாஷ்யத்தில் இதற்கு ஒரு தடை எழுப்புகிறார். அக்கல் பிறப்பது வாலவாயம் என்னும் மலையில் அல்லவா, விதூரத்தில் அது செம்மை செய்யப்படுகிறதே ஒழியப் பிறப்பதில்லையே என்பது தடை. ஆயினும் பெயர் பட்டை தீட்டிய ஊரையே பற்றி நின்றது. சொல்லுக்கும் இது பொருந்தும். மரகதம் என்னும் சொல்லின் வாலவாயம் எந்த நாடாயினும் ஆகுக. அதன் விதூரம் நம் நாடு. மின்னுவது என்னும் பொருளோடு புறப்பட்ட சொல், இங்கே பட்டை தீட்டப்பெற்று, நோயைக் கடப்பிப்பது என்னும் பொருளைப் பெற்றது.

தமிழில் மரகதம்

தமிழர்க்குப் பச்சைக்கல்லைக் கூறத் தம் சொல் இல்லாமற் போகவில்லை. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் இளங்கோவடிகள் மதுரை மாநகரின் இரத்தினக் கடைவீதியை வருணிக்கிறார். அங்கே கீற்றும் இருளும் முதலிய குற்றங்கள் நீங்கிய பச்சைக்கல்லைப் பசுமையைக் குறிக்கும் தமிழ்ச்சொற்களாலேயே கூறுகிறார். அதே காப்பியத்தில் மரகதம் என்னும் சொல்லும் வருகிறது. கல்லின் குற்றம் குணங்களை ஆராய்ந்து வாங்கும் அறிவும் அக்காலத்தே இருந்தது என்பது இதனால் விளங்கும். தெலுங்கிலும் கன்னடத்திலும் பச்சை என்னும் சொல்லே இன்றும் கல்லின் பெயர். இந்தியில் பன்னா என்பர். இலை எனப் பொருள்படும் பர்ணம் என்னும் சொல்லின் திரிபு அது. ஒருவர் நிறத்தைக் கண்டார், ஒருவர் இலையைக் கண்டார், ஒருவர் மின்னலைக் கண்டார்.

நம் ஸம்பிரதாயத்தில் இச்சொல் பிராட்டியின் திருநாமமாகவே உயர்ந்தது. காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழியில் விஜயராகவப் பெருமாளுடன் எழுந்தருளியிருக்கும் தாயாருக்கு மரகதவல்லி என்பது திருநாமம். காஞ்சியிலேயே பவளவண்ணருக்கு எதிரே பச்சைவண்ணர் எழுந்தருளியிருக்கிறார். தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் அரங்கனின் திருமேனிக்குப் பெரிய பச்சை மலையையே உவமையாக்கினார். கம்பர், கானகம் செல்லும் இராமபிரானின் நிறத்தைக் கூறப்புகுந்து, மை, மரகதம், கடல், மழைமேகம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எதுவும் போதாமையால் சொல்லிழந்து நின்றார். வீரராகவன் என்னும் திருநாமத்தோடு இங்கே சயனித்திருப்பவன் அந்த இராகவனே அன்றோ!

கல்லின் இயல்பும் அன்பர் கவனத்திற்கு ஒன்றும்

மரகதத்திற்குப் பச்சை நிறம் எவ்வாறு வந்தது? தூய பெரில் நிறமற்றது. குரோமியம் என்னும் உலோகம் அதில் மிகச் சிறிதளவு கலப்பதால் பச்சையாகிறது; வனேடியம் என்னும் உலோகத்தாலும் இந்நிறம் வரும். பிரெஞ்சு விஞ்ஞானி வாக்கலின் 1797இல் குரோமியத்தைக் கண்டறிந்து, மரகதத்தின் பசுமைக்கு அதுவே காரணம் என்றும் விளக்கினார். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் எஃகு ஆலைகளிலும் முலாம் பூசும் பட்டறைகளிலும் பணிசெய்யும் அன்பர்கள் இவ்வுலோகத்தை நன்கறிவர். நம் இல்லத்து எவர்சில்வர் பாத்திரத்தைத் துருப்பிடிக்காமல் காப்பதும் இதுவே. இரும்பில் சேர்ந்து காவலாக நிற்பது, கல்லில் சேர்ந்து அழகாக நிற்கிறது.

நம் நாட்டில் 1943இல் இராஜஸ்தானத்து மேவார்ப் பகுதியில் மரகதம் கண்டெடுக்கப்பட்டது. இன்று சந்தைக்கு வருவன பெரும்பாலும் கொலம்பியா, ஜாம்பியா, பிரேசில் நாடுகளின் கற்கள். அவற்றைப் பட்டை தீட்டுவதில் ஜெய்ப்பூர் உலகப்புகழ் பெற்றது. நம் மாவட்டத்து மண்ணில் மரகதம் விளைவதில்லை. ஆதலால் உற்சவக் கடைகளில் சில நூறு ரூபாய்க்கு மரகத மோதிரம் என விற்பது பெரும்பாலும் நிறமேற்றிய கண்ணாடியே என அறிக. உருப்பெருக்கியால் நோக்கினால் கண்ணாடியினுள் சிறு காற்றுக்குமிழிகள் தோன்றும். உண்மை மரகதத்தினுள்ளோ பாசி படர்ந்தாற்போன்ற கீற்றுகள் இருக்கும். அன்றியும் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட மரகதமும் உண்டு. அதைக் கண்ணால் பிரித்தறிதல் அரிது. பெருந்தொகை கொடுத்து வாங்குவோர் இரத்தினப் பரிசோதனைச் சான்று இன்றி வாங்குதல் கூடாது.

இதை விரித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. நோயுற்ற மகனையோ மனைவியையோ இல்லத்தில் வைத்துவிட்டு, சிகிச்சைக்கென்று சேர்த்த பணத்தில் பச்சைக்கல் வாங்கி, பெருமாள் திருவடியில் வைத்துத் தருமாறு அர்ச்சனைத் தட்டில் கொண்டுவரும் எளியவர்களை அடியேன் பலமுறை கண்டிருக்கிறேன். திருவடியில் வைத்துத் தருவதில் தடையில்லை. ஆனால் மரகத்தைக் கடப்பிப்பது மரகதம் என்னும் பெயர்ப்பொருளைக் காட்டி, மருந்தை நிறுத்துமாறு எவரேனும் கூறினால், அது சாஸ்திரமன்று. நிருக்தம் சொல்லுக்குப் பொருள் கூறும். நோய்க்கு மருந்து எழுதித் தராது. இரத்தினங்களைப் பஸ்மமாக்கி மருந்தாகக் கொடுக்கும் முறை ஆயுர்வேதத்தில் உண்டு. அதுவும் கற்றறிந்த வைத்தியர் கையால் சுத்திசெய்து கொடுக்கப்படுவது. தாமே பொடித்து உண்ணத்தக்கதன்று.

மற்றொன்று. மரகதத் திருமேனி என்று பல தலங்களில் போற்றப்படும் பெரிய விக்கிரகங்கள் உண்டு. நம் மாவட்டத்திலேயே சிறுவாபுரி முருகன் திருக்கோயிலின் மரகத மயிலைக் கண்டு வணங்குவோர் பலர். மரகதம் என்னும் சொல் நம் வழக்கில் பச்சைக்கற்கள் பலவற்றிற்கும் பொதுவாக நின்றுவருகிறது. நகை வியாபாரி கூறும் மரகதம் வேறு, கோயில் வழக்கில் கூறும் மரகதம் வேறு என இருத்தலில் தவறில்லை. திருமேனியின் மகிமை பிரதிஷ்டையாலும் பூஜையாலும் வருவது. கல்லின் சந்தை விலையால் வருவதன்று.

நிறைவாக

மரகதம் என்னும் சொல் மின்னுதல் என்னும் பொருளில் தோன்றி, கடல்கடந்து, நம் நாட்டை அடைந்து, நோயைக் கடப்பிப்பது என்னும் பொருளைப் பெற்று, கருடனின் பெயரோடு இணைந்து, தாயாரின் திருநாமமாக நிறைவெய்தியது. வரலாற்றைக் கூறுவதால் பக்திக்குக் குறைவில்லை. பக்தியால் வரலாறு மறையவும் வேண்டா.

மோதிரம் அணிய இயலாத அன்பர்கள் மனக்குறை கொள்ள வேண்டா. நம் திருக்குளத்தின் பெயர் ஹ்ருத்தாபநாசினி. ஹ்ருத் என்றால் இதயம். தாபம் என்றால் வெம்மை. நாசினி என்றால் நீக்குபவள். இதயத்தின் வெம்மையைப் போக்குபவள் என்பது பொருள். அதில் நீராடி, கனகவல்லித் தாயாரையும், சயனித்தருளும் வைத்ய வீரராகவனையும் சேவித்து, கருடசேவையன்று பெரிய திருவடியின் மீது எழுந்தருளும் எம்பெருமானைக் கண்ணாரக் காணுங்கள். காருத்மதம் என்னும் பெயரின் பொருள் அப்போது எதிரே எழுந்தருளிவரும். அந்தப் பச்சைமாமணியை விலைகொடுத்து வாங்க எவராலும் இயலாது. விலையின்றிச் சேவிக்க அனைவராலும் இயலும்.

ஸ்ரீ வைத்ய வீரராகவன் திருவடிகளே சரணம்.